ஒன்றில் ஊன்றும் உள்ளம்: ஆட்டிசம் உடையோரின் தனி ஆர்வங்கள்

மூலக்கொத்தளம், பழைய வண்ணாரப்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து ஆட்டிசம் உடைய பிள்ளைகளை நம் மருத்துவமனைக்கு அழைத்து வரும் பெற்றோர் கேட்கும் வினாக்களுள் ஒன்று மீண்டும் மீண்டும் வருவது: “எந்நேரமும் இரயிலைப் பற்றியே பேசுகிறான் ஐயா, இதை எப்படி நிறுத்துவது?” இரயில் என்னும் இடத்தில் கன்டெய்னர் லாரி என்றும், மின்விசிறி என்றும், நாட்காட்டி என்றும், அஞ்சல் குறியீட்டு எண் என்றும் சொல் மாறலாம், வினா மாறுவதில்லை. இவ்விதழில் அவ்வினாவையே பாடமாக எடுத்துக்கொள்வோம். எப்படி நிறுத்துவது என்பதற்கு முன், நிறுத்தத்தான் வேண்டுமா என்று கேட்பது முறை.

ஆட்டிசத்தைத் தமிழில் மதியிறுக்கம் என்றும், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்றும் எழுதுகின்றனர். இரண்டாவது பெயர் பொருத்தந்தானா என்னும் ஐயம் இக்கட்டுரையாளருக்கு உண்டு. பேசின் பாலத்தைக் கடக்கும் வண்டியில் எத்தனை பெட்டிகள், எஞ்சின் எந்நிறம் என்று பிழையின்றிச் சொல்லும் பிள்ளையைப் புற உலகச் சிந்தனை அற்றவன் என்று எங்ஙனம் அழைப்பது? நம்முள் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் அப்பாலத்தின் மீது சென்றும் ஒரு பெட்டியையேனும் எண்ணியதில்லை.

தனி ஆர்வம் என்பது யாது?

எல்லாக் குழந்தைகளுக்கும் பிடித்த பொருள்கள் உண்டு. ஆட்டிசம் உடையோரிடம் காணப்படும் தனி ஆர்வம் இரு வகையில் வேறுபடும். முதலாவது அதன் ஆழம்: பிள்ளை அப்பொருளைப் பற்றி அறியத்தக்க அனைத்தையும் அறிய முயலும், அதில் இருக்கும்போது பசி, அழைப்பு, நேரம் எதுவும் செவியில் ஏறாது. இரண்டாவது, அவ்வார்வம் சில வேளைகளில் பிறர் பொருட்படுத்தாத ஒன்றின்மீது விழும்: மின்கம்பத்தின் எண், துணி துவைக்கும் இயந்திரம் சுழலும் ஒலி, தொலைக்காட்சித் தொடரின் பெயர் தோன்றும் முதற்காட்சி. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேடும் இதனை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகவே குறிக்கிறது. அடையாளம் என்பது வேறு, நோய் என்பது வேறு. காய்ச்சலைத் தணிப்பது போல் இதைத் தணிக்க வேண்டும் என்று அக்கையேடு கூறவில்லை.

பெண் குழந்தைகளிடம் இவ்வார்வம் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு நடிகை, ஒரு பூனை, கோலம், பொம்மைகள் எனப் பொருள் வழக்கமானதாகவே இருக்கும். ஆழம் மட்டுமே வேறுபடும். நூறு கோலங்களைப் புள்ளி எண்ணிக்கையுடன் நினைவில் வைத்திருக்கும் சிறுமியை அக்கம்பக்கத்தார் கெட்டிக்காரி என்பர். அவள் பள்ளியில் ஒருவரோடும் பேசுவதில்லை என்பதைக் காணத் தவறுவர். பெண்களுக்கு ஆட்டிசம் பல ஆண்டுகள் கழித்தே கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வார்வம் ஏன் எழுகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உள்ளன. அவற்றுள் பெற்றோருக்கு மிகவும் பயன்படுவது, டைனா மர்ரே, மைக் லெசர், வென் லாசன் ஆகியோர் 2005இல் எழுதிய கட்டுரையில் விளக்கியது. அவர்களுள் வென் லாசன் தாமே ஆட்டிசம் உடையவர். அவர்கள் கருத்தை நம் வழக்கில் இவ்வாறு கூறலாம். பிறருடைய கவனம் ஏரி நீரைப்போலப் பல வாய்க்கால்களில் பிரிந்து பாய்கிறது. பேசிக்கொண்டே சமைப்பதும், சமைத்துக்கொண்டே வாசலைக் கவனிப்பதும் அதனால்தான் இயல்கின்றன. ஆட்டிசம் உடையவரின் கவனமோ ஒரே வாய்க்காலில் முழு வேகத்துடன் பாய்கிறது. அவ்வேகமே அவரது ஆழ்ந்த அறிவுக்குக் காரணம். பாயும் நீரைச் சட்டென மதகடைத்தால் கரை உடையும் அல்லவா? விளையாட்டின் நடுவே இரயில் பொம்மையைப் பிடுங்கும்போது பிள்ளை தரையில் விழுந்து கதறுவது பெரும்பாலும் இதுவே. பிடிவாதம் என்று அதற்குப் பெயரிடுதல் தகாது. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் இரண்டு நிமிடம் என்று முன்கூட்டி அறிவித்து, மணல்கடிகையையோ கடிகார முள்ளையோ காட்டி மெல்ல மதகை இறக்கினால் கதறல் பெருமளவு குறையும்.

முதல் பிள்ளையின் கதை

ஆட்டிசம் என்னும் நிலையை மருத்துவ உலகிற்கு முதன்முதலில் விரிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் லியோ கேனர். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய அவர், 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் முதலாவதாக இடம்பெற்ற சிறுவன் டொனால்டு. மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவன். எண்கள்மீது தீராப் பற்று. எதையும் சுழற்றிப் பார்ப்பதில் இன்பம். மனிதர் அறைக்குள் வந்தால் ஏறெடுத்தும் பாரான்.

1942இல் பெற்றோர் அவனை ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் வாழ்ந்த உழவர் தம்பதியிடம் விட்டனர். அத்தம்பதியர் மருத்துவமோ உளவியலோ பயின்றவர் அல்லர். 1945இல் அங்குச் சென்று பார்த்த கேனர், அவர்களுடைய அறிவைக் கண்டு வியந்து பின்னாளில் எழுதினார். டொனால்டு எதைக் கண்டாலும் அளந்துகொண்டே இருந்தான். அவர்கள் அவனைக் கிணறு தோண்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று அளந்து கூறும் பொறுப்பை அவனிடம் கொடுத்தனர். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தான். அருவருத்து எறியாமல், நிலத்தில் ஒரு மூலையை அவற்றுக்கு இடுகாடாக ஒதுக்கினர். ஒவ்வொன்றுக்கும் பெயரெழுதிப் பலகை நடச் செய்தனர். அவனோ உயிரின் இனத்தைப் பெயரின் நடுவிலும், உழவரின் குடும்பப் பெயரை இறுதியிலும் எழுதி, இறந்த நாளையும் குறித்தான். அவனுடைய எழுத்துப் பயிற்சி அங்கே நடந்தது. சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தவனைக் கலப்பையைப் பிடித்து உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். கேனர் பார்த்திருக்க, அவன் குதிரையைத் திறமையுடன் திருப்பி ஆறு நீண்ட வரிசைகளை உழுது முடித்தான்.

அத்தம்பதியர் எந்த ஆர்வத்தையும் தடுக்கவில்லை. எதையும் அப்படியே விட்டுவிடவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வேலையை வைத்தார்கள். டொனால்டு பின்னர்ப் பள்ளிக்குச் சென்றார், பட்டம் பெற்றார், தம் குடும்பத்துக்குரிய வங்கியில் எண்களோடு பணியாற்றினார், கால்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குத் தனியே பயணம் செய்தார். 2023இல் 89 வயதில் காலமானார். அவருக்கு வசதியான குடும்பமும், அவரை அறிந்து அரவணைத்த ஊரும் இருந்தன என்பதையும் மறத்தல் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு ஆவர் என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆயினும் கிணற்றுக்கும் சோளக்கொல்லைக்கும் பணம் தேவைப்படவில்லை.

ஆய்வுகள் கூறுவது

ரேச்சல் குரோவ் முதலியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் உடைய நானூற்றுக்கும் மேற்பட்ட வயதுவந்தோரிடம் அவர்களுடைய ஆர்வங்களைப் பற்றி வினவியது. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தமக்குத் தனி ஆர்வம் உண்டு என்றனர். அவ்வார்வத்தில் உள்ளார்ந்த ஊக்கத்துடன் ஈடுபட்டோர் தம் வாழ்வில் கூடுதல் நிறைவு உடையவராகக் காணப்பட்டனர். ஓய்வுநேரத்திலும் பிறரோடு பழகுவதிலும் அந்நிறைவு தெரிந்தது. அதே ஆய்வு மற்றொன்றையும் கண்டது: ஈடுபாட்டின் தீவிரம் மிகமிக உயரும்போது நலவாழ்வு குறைகிறது. முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவோர் பலர். இரண்டாம் பாதியும் நமக்கு வேண்டும். அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

தனி ஆர்வம் பிள்ளையைத் தனிமைப்படுத்திவிடும் என்னும் அச்சம் இயல்பானது. இதை நேரடியாகச் சோதித்தனர் பேக்கர், கோகல் குழுவினர், 1998இல். நிலப்படங்களில் பெரும்பற்றுக் கொண்டிருந்த குழந்தைக்காக, பள்ளி விளையாட்டிடத்தில் அமெரிக்க நிலப்படத்தைப் பெரிதாக வரைந்து அதன்மீது ஓடிப்பிடிக்கும் ஆட்டம் ஒன்றை அமைத்தனர். அதுவரை ஒதுங்கி நின்ற பிள்ளை மற்றவரோடு ஆடத் தொடங்கியது. மற்றப் பிள்ளைகளும் இரக்கப்பட்டு வரவில்லை. ஆட்டம் நன்றாக இருந்ததால் வந்தார்கள். டேனியல் லெகாஃப் என்னும் உளவியலாளர், தம் காத்திருப்பு அறையில் இரு பிள்ளைகள் லெகோ கட்டைகளைக் கண்டு ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதைப் பார்த்து, கட்டை எடுத்துக் கொடுப்பவர், வரைபடம் பார்த்துச் சொல்பவர், கட்டுபவர் எனப் பங்கு பிரித்து ஆடும் குழுமுறையை உருவாக்கினார். 2004இல் அதன் பயனை வெளியிட்டார்.

நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. ஆட்டிசம் உடைய ஜியா ராய் என்னும் மும்பைச் சிறுமி, 2022 மார்ச் 20 அன்று, இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை 29 கிலோமீட்டர் தொலைவை 13 மணி 10 நிமிடத்தில் நீந்திக் கடந்தாள். அப்போது அவளுக்கு வயது 13. நீர் அவளுக்கு முதலில் சிகிச்சையாகவே அறிமுகமாயிற்று. காசிமேட்டிலும் எண்ணூரிலும் தண்ணீரைக் கண்டால் ஓடும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் நலம். அதன் மறுபக்கத்தைக் கீழே கூறுவோம்.

இராமானுசன் ஆட்டிசம் உடையவர் என்று சிலர் எழுதுகின்றனர். மறைந்தோருக்கு நோயறிக்கை எழுதுவது மருத்துவர் வேலை அன்று, அதனை விட்டுவிடலாம். ஆனால் நம் ஊரோடு தொடர்புடைய ஒரு செய்தி எண்ணத்தக்கது. 1912இல் அவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். எந்நேரமும் கணக்கிலேயே மூழ்கியிருந்த அவ்வெழுத்தரை, மேலாளர் நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் கண்டிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சொல்லித் துணைநின்றனர். 1913இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. ஒருவரின் ஆழ்ந்த ஈடுபாடு பயன் தருவதற்கு அவரைச் சூழ்ந்தோர் யாவர் என்பதும் முக்கியம்.

நம் தெருவிலேயே பாடம்

இரயிலை விரும்பும் பிள்ளைக்கு மூலக்கொத்தளத்தைவிடச் சிறந்த ஊர் அரிது. பேசின் பாலம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என நிற்கும் இப்பெயர்கள் எழுத்துப் பயிற்சிக்கு உரிய பாடநூல். ஒவ்வொரு பெயரையும் ஓர் அட்டையில் எழுதி வரிசைப்படுத்தச் செய்யுங்கள். ஓர் அட்டையை மறைத்துவிட்டு எந்நிலையம் காணவில்லை என்று கேளுங்கள். தம்பி ஒரு நிலையம் சொல்ல, அண்ணன் அடுத்ததைச் சொல்லட்டும். முறைவைத்துப் பேசுதல் என்னும் கடினமான பழக்கம், பாடம் என்று தெரியாமலே உள்ளே நுழையும். வண்டி 8.40க்குப் புறப்பட்டு 9.05க்குச் சேர்ந்தால் எத்தனை நிமிடம் என்பது கழித்தல் கணக்கு. பயணச்சீட்டு வாங்கி மீதிச் சில்லறை எண்ணுவது பணப் பாடம். இராயபுரம் நிலையத்திலிருந்து 1856 சூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்கு வண்டி ஓடியதே தென்னிந்தியாவின் முதற்பயணம் என்பதும், அந்நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது என்பதும் வரலாற்றுப் பாடம். நெரிசலும் இரைச்சலும் தாங்காத பிள்ளைக்கு, கூட்டம் குறைந்த பிற்பகலில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை செல்லும் மெட்ரோ ஏற்றது. அவ்வழி 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

கன்டெய்னர் லாரியை விரும்பும் பிள்ளை, பெட்டிமீது எழுதியுள்ள நிறுவனப் பெயர்களைப் படிக்கட்டும்; எந்நாட்டினது என்று உலகப்படத்தில் தேடட்டும். மீன்பிடி விசைப்படகின் பதிவெண்ணோ, அஞ்சல் குறியீடோ எதுவாயினும் வழி இதுவே. இராயபுரத்துக்கு 600013, திருவொற்றியூருக்கு 600019, எண்ணூருக்கு 600057 என்று ஒப்பிக்கும் பிள்ளையிடம், அவ்வூரில் இருக்கும் அத்தைக்கு ஒரு கடிதம் எழுதி முகவரி இடச் சொல்லிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. எல்லா ஆர்வத்தையும் பாடமாக்கிவிட வேண்டாம். பள்ளியில் ஆறு மணி நேரம் இரைச்சலையும், புரியாத பேச்சையும் தாங்கிவிட்டு வரும் பிள்ளைக்கு அவ்வார்வமே இளைப்பாறும் நிழல். மாலையில் ஒரு மணி நேரமேனும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுங்கள். இயன்றால் அருகில் அமர்ந்து, அவன் கூறுவதை அவன் போக்கில் கேளுங்கள். அதேபோல், “சோறு உண்ணாவிட்டால் இரயில் பார்க்க விடமாட்டேன்” என்று அச்சுறுத்துவதையும் தவிர்க்க வேண்டும். நிழலைக் கூலியாக மாற்றினால் பிள்ளைக்கு ஒதுங்க வேறிடம் இல்லை. கைப்பேசியில் ஒரே காணொளியைத் திரும்பத் திரும்பக் காட்டுவதும் இரயில் ஆர்வமும் ஒன்றல்ல. நேரில் காணவும், வரையவும், தொடவும், பேசவும் வழி இருக்கும்போது கைப்பேசி தானே பின்வாங்கும்.

எப்போது கவலை கொள்ள வேண்டும்?

நம் பகுதியில் முதலிடம் பாதுகாப்புக்கே. இரயிலை விரும்பும் பிள்ளை தண்டவாளத்தை நோக்கி ஓடும். நீரை விரும்பும் பிள்ளை கடலையும் கால்வாயையும் நோக்கி ஓடும். ஆட்டிசம் உடைய குழந்தைகளின் உயிருக்கு நேரும் விபத்துகளுள் நீரில் மூழ்குதல் முதன்மையானவற்றுள் ஒன்று. ஆதலின் பார்க்கும் இடத்தை முதலிலேயே வரையறுத்துவிடுங்கள்: நடைமேம்பாலமும் நடைமேடையின் உட்பகுதியும் சரி, தண்டவாள ஓரம் ஒருநாளும் கூடாது. ஒருமுறை இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த விதியைப் பிள்ளை அதன்பின் விதியாகவே கருதாது. கதவின் மேற்புறம் தாழ் அமையுங்கள். சட்டைப் பையிலோ கழுத்து அட்டையிலோ கைப்பேசி எண் இருக்கட்டும். தெருமுனைக் கடைக்காரருக்கும், ஆட்டோ நிறுத்தத்தாருக்கும் பிள்ளையை அறிமுகப்படுத்தி, அவன் எங்கு ஓடுவான் என்பதையும் கூறிவையுங்கள்; இதில் வெட்கத்துக்கு இடமில்லை. காணாமற்போனால் முதலில் தேட வேண்டிய இடம் அவன் ஆர்வம் இருக்கும் இடமே. 112, குழந்தைகள் உதவி எண் 1098, இரயில்வே 139 ஆகியவற்றை வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். நீரை நாடும் பிள்ளைக்கு நீச்சல் கற்பிப்பது உயிர்க்காப்பு.

அடுத்து, முன்னர்க் கூறிய மிகுதீவிரம். உணவு, உறக்கம், குளியல் மூன்றும் வாரக்கணக்கில் கெடுமானால், அல்லது வீட்டின் பணம் முழுதும் ஒரு சேகரிப்பில் கரையுமானால், மருத்துவரை அணுகுங்கள். பெரும்பாலும் ஆர்வம் அங்கே காரணமாக இராது. பள்ளியில் அடி, புதிய வீடு, பெற்றோர் பூசல் எனத் தாங்கவியலாத ஒன்றிலிருந்து தப்பியோடும் வழியாக இருக்கும். காரணத்தைத் தேடாமல் ஆர்வத்தை மட்டும் வெட்டினால் துன்பம் வேறு வடிவில் வெளிப்படும்.

செய்யும்போது முகம் மலர்கிறதா, வாடுகிறதா என்பதையும் நோக்குங்கள். மலர்ந்தால் அது ஆர்வம். அழுதுகொண்டே, அஞ்சிக்கொண்டே, நிறுத்த விரும்பியும் நிறுத்த இயலாமல் கை கழுவுவதும் பூட்டைச் சரிபார்ப்பதும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்தும் இருக்கும்.

மூன்றாவதைப் பெற்றோர் பெரும்பாலும் நற்செய்தியாக எடுத்துக்கொள்கின்றனர். “இப்போதெல்லாம் இரயிலைப் பற்றிப் பேசுவதே இல்லை, திருந்திவிட்டான்” என்று மகிழ்ந்து கூறுவோர் உண்டு. ஆர்வம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மாறுவது இயல்பு. எந்த ஆர்வமும் இன்றிச் சட்டென ஓய்ந்துபோவது இயல்பன்று. பேச்சில்லாத பிள்ளையாயின் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வளரிளம் பருவத்தினரும் வயதுவந்தோரும் ஆயின் மனச்சோர்வு இருக்கலாம். ஆட்டிசம் உடையோரிடையே மனச்சோர்வும் பதற்றமும் பிறரைவிட மிகுதி. தாமதிக்காமல் அழைத்து வாருங்கள்.

மருத்துவமனைக்கு வரும்போது

இரத்தம் எடுத்தல், பல் பார்த்தல், ஸ்கேன், தடுப்பூசி ஆகியவை ஆட்டிசம் உடையோருக்குப் பெரும் அச்சம் தருவன. பிள்ளையின் ஆர்வம் எது என்பதைச் செவிலியர் முதல் நிமிடத்திலேயே அறிந்தால் வேலை பாதி எளிதாகும். வரும்முன் ஒரு தாளில் எழுதி வாருங்கள்: பிள்ளையை வீட்டில் எவ்வாறு அழைப்பீர்கள், எதைப் பற்றிப் பேசினால் திரும்பிப் பார்ப்பான், எவ்வொலி, எவ்வொளி, எத்தொடுகை ஆகாது, வலித்தால் எவ்வாறு காட்டுவான். அத்தாளைப் பதிவு மேசையிலேயே கொடுத்து, புறநோயாளர் சீட்டுடன் இணைக்கச் சொல்லுங்கள். அவனுக்குப் பிடித்த சிறு பொருள் ஒன்றைக் கையில் கொண்டு வரலாம். ஸ்கேன் அறைக்குள் உலோகப் பொருள் கூடாதாகையால் அட்டையில் வரைந்த படமாக இருப்பது நன்று. ஊசி போடும் வரிசையை நிலையங்களின் வரிசையாக எழுதிக் காட்டலாம்: முதல் நிலையம் நாற்காலி, இரண்டாவது பஞ்சு, மூன்றாவது ஊசி, நான்காவது பிளாஸ்திரி, இறுதி நிலையம் வீடு. எந்நிலையத்தில் இருக்கிறோம் என்று பிள்ளையே விரலால் தொட்டுக்கொண்டு வரட்டும்.